இரும்பும் பொன் முலாமும்: பாட்டனார் காலத்து ரேசர்

மறைவிட முடிகளைக் களைவதற்கு ஹதீஸ்களில் வந்துள்ள சொல் ‘இஸ்திஹ்தாத்’. இரும்பைக் குறிக்கும் ‘ஹதீத்’ எனும் சொல்லோடு வேர் பகிர்வது அது. இரும்புக் கத்தியைப் பயன்படுத்துதல் என்று பொருள்படும். இதற்கு 40 நாட்களே உச்ச வரம்பு என அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். ஆகவே தாடி வைப்போர் இல்லத்திலும் சவரக் கருவிக்கு இடமுண்டு.

நெடுங்காலம் அக்கருவி, தோல்வாரில் தீட்டும் மடக்குக் கத்தியாகவே இருந்தது. கை பழகாதவர் அதைத் தொட அஞ்சினர். அலகுக்குக் காப்பு அமைக்கும் யோசனையை 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரரான ழான் ழாக் பெரே முன்வைத்தார். 1880இல் அமெரிக்காவின் காம்ஃப் சகோதரர்கள் காப்புடைய ரேசருக்கு உரிமம் பெற்றனர். ஆயினும் அதன் அலகையும் தீட்டியே தீரவேண்டும்.

கிங் கேம்ப் ஜில்லெட்டின் கணக்கு வேறு. பிடி நிலைத்திருக்கும், மழுங்கிய அலகு மட்டும் மாறும். அதற்கேற்ற மெல்லிய எஃகுத் தகட்டைக் கூராக்கும் வழியைப் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன் வகுத்தார். 1903இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே! மறு ஆண்டு காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கென 35 லட்சம் ரேசர்கள் வாங்கப்பட்டன. வீசியெறியும் பழக்கத்தை உலகிற்குக் கற்பித்தவர் என்று ஜில்லெட்டைக் குறைகூறுவோர் உண்டு. அவர் எறியச் சொன்னது ஒரு மெல்லிய தகட்டை மட்டுமே. பிடியோடு சேர்த்துக் குப்பையில் போடுவது நம் காலத்து வழக்கம்.

அந்நாளைய பிடிகள் பெரும்பாலும் பித்தளையாலானவை. மேலே நிக்கல், வெள்ளி அல்லது பொன் முலாம் பூசியிருப்பார்கள். பித்தளை என்றதும் நம் வீட்டார் கை புளியைத் தேடும். அது கூடாது, புளியும் சாம்பலும் முலாத்தை அரித்துவிடும். பிளேடை நீக்கி, பாகங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் சற்று நேரம் ஊறவைத்து, மென்மையான பழைய பல் தூரிகையால் தேய்த்தாலே படிந்த சோப்புக் கறை விடும். கொதிநீரையும் பிளீச்சிங் பவுடரையும் தவிர்க்க வேண்டும். மேல்மூடி இரு கதவுகளாகத் திறக்கும் வகையில், கீல்களை உலர்த்தியபின் ஒரு துளி எண்ணெய் விடலாம். பிறர் பயன்படுத்தியதாயின் உலர்ந்த இரத்தம் ஒட்டியிருக்கக்கூடும். அது நஜிஸ்; முற்றும் நீங்குமாறு நீரால் கழுவுவது மார்க்கத் தூய்மை. அதன்பின் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொண்டு துடைப்பது கிருமிக்காக. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்று பாகங்களாகக் கழலும் பழைய ஜில்லெட்டில் இன்று கடையில் கிடைக்கும் இருமுனை பிளேடே பொருந்தும்.

பொன் முலாம் பூசிய ரேசரை ஆண்கள் பயன்படுத்தலாமா என்ற ஐயம் எழும். நெருப்பில் காட்டினாலும் தனியே பிரிந்து வராத அளவு மெல்லிய பூச்சுடைய பாத்திரங்களைப் பயன்படுத்துவதை ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து அனுமதிக்கிறது. பிரித்தெடுக்க இயலாத முலாத்தில் குற்றமில்லை என்பதே ஹனஃபி நூல்களின் நிலையும். பழைய ரேசர்களின் பூச்சு அத்தகைய மெல்லியதே. எனினும் பேணுதலை நாடுவோர்க்கு நிக்கல் பூசியவை ஏராளம் உள்ளன. வல்லாஹு அஃலம்.