ஸ்கடர் குடும்பம்

ஸ்கடர் குடும்பம்: 1819 முதல் நான்கு தலைமுறையாக இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஊழியம் செய்த அமெரிக்கப் புராட்டஸ்டண்டு மிஷனரிக் குடும்பம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு, ஆர்க்காடு மிஷன், ராணிப்பேட்டை மருத்துவமனை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை இக்குடும்பத்தின் பெயரோடு சேர்ந்தவை. இவர்களுடைய வரலாற்றை மருத்துவத்தின் வழியாகச் சொல்வதே வழக்கம். ஆனால் இந்தக் குடும்பத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பேசவைத்தவர்கள் அதன் பிள்ளைகள். கைக்குழந்தையாகக் கடல் கடந்தவர்களும், தமிழ் மண்ணில் பிறந்து பத்து வயதில் பெற்றோரைப் பிரிந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களும், பிறகு தாங்களே திரும்பி வந்தவர்களும் அவர்களில் உண்டு. எனவே இக்கட்டுரை பிள்ளைகளைப் பின்தொடர்ந்தே செல்கிறது.

புறப்பாடு

மூத்த ஜான் ஸ்கடர் 1793இல் நியூ ஜெர்சி மாநிலத்து ஃப்ரீஹோல்டில் பிறந்தார். பிரின்ஸ்டனில் படித்து, நியூயார்க்கில் 1813இல் மருத்துவப் பட்டம் பெற்று, அந்நகரத்திலேயே நல்ல தொழில் நடத்திவந்தார். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு சிறுநூல் அவர் கைக்குக் கிடைத்தது. பம்பாயிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கார்டன் ஹாலும் சாமுவேல் நியூவெல்லும் எழுதியது அது. உலகின் 60 கோடி மக்களுக்குச் சுவிசேஷம் சேரவேண்டும் என்று வாதிட்ட நூல். அதைப் படித்த மருத்துவர் தொழிலை விட்டுவிட முடிவெடுத்தார். வழக்கறிஞரான தந்தைக்கு இதில் சற்றும் சம்மதமில்லை. மனைவி ஹேரியட் வாட்டர்பரி சம்மதித்தார். கைக்குழந்தையோடு கடலேறுவது என்றால் என்னவென்று தெரிந்தே அவர் சொன்ன சம்மதம் அது. இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் ஆண்களின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஹேரியட்டுக்குரிய இடம் இன்னும் சரியாகக் கொடுக்கப்படவில்லை என்றே சொல்லவேண்டும்.

1819 ஜூன் 8ஆம் நாள் பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்ட் ஆகியோரும் தத்தம் மனைவியரோடு அதில் இருந்தனர். நான்கு மாதத்துக்கும் மேலான கடற்பயணம் முடிந்து அக்டோபரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது ஸ்கடர் தம்பதியின் மகள் நோயுற்று அங்கேயே இறந்துபோனாள். போகவேண்டிய இடத்தைக் காணும் முன்பே முதல் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு இருவரும் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

ஆண்டு முடிவதற்குள் யாழ்ப்பாணம் வந்தாயிற்று. 1816 முதலே அமெரிக்க மிஷனரிகள் அங்கே இருந்தார்கள். தெல்லிப்பழையில் சில காலம் தங்கிய பின் 1820இல் பண்டத்தரிப்பில் குடியேறினார்கள். மருத்துவராக வந்த ஸ்கடர் அந்த ஆண்டே போதகராகவும் அபிஷேகம் பெற்றார். அமெரிக்கா அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். இலங்கைக்கு வந்தபின் பிறந்த முதல் குழந்தையும் நிலைக்கவில்லை. 1822இல் பிறந்த ஹென்றி மார்ட்டின் பிழைத்தான். பாரசீகத்திலும் இந்தியாவிலும் உழைத்து இளமையில் மாண்ட ஆங்கிலேய மிஷனரியின் பெயரை மகனுக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டு வில்லியம் பிறந்தான். பின்னர் ஜோசப், எசேக்கியேல், ஜாரெட், சைலஸ், ஜான், இடையே சாமுவேல், இரண்டு பெண்கள் எனக் குடும்பம் பெருகியது.

தமிழில் வளர்ந்தவர்கள்

மிஷன் பங்களாவின் பிள்ளைகளை வளர்த்தவர்கள் ஆயாக்களும் வேலையாட்களும். தந்தை திண்ணையில் நோயாளிகளைப் பார்ப்பார் அல்லது கிராமம் கிராமமாகப் போவார். தாய் பள்ளியை நடத்துவார். பிள்ளைகள் வாயில் முதலில் தமிழ் வந்தது இயல்பு. மிஷன் பெற்றோர் இதைக் கண்டு மகிழவும் செய்தார்கள், அஞ்சவும் செய்தார்கள். மொழியோடு சேர்ந்து சுற்றுவட்டாரத்தின் பழக்கங்களும் பிள்ளைகளிடம் படியும் என்பது அவர்களுடைய கடிதங்களில் தொடர்ந்து வரும் கவலை. தம் குழந்தைகளை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்களைப் பற்றி இப்படி எண்ணியது நியாயமில்லை. அந்தத் தமிழ்தான் பிற்காலத்தில் மகன்களுக்குப் பெருஞ்செல்வமாக அமைந்தது.

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. மிஷன் விடுதிப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்று அறியப்பட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்குக் கறல் என்று பெயர். பண்டத்தரிப்பின் அமெரிக்கச் சிறுவன் தமிழ் பேசி ஓடித் திரிந்தபோது, சில மைல் தொலைவில் வட்டுக்கோட்டையின் தமிழ்ச் சிறுவன் அமெரிக்கப் பெயரில் அழைக்கப்பட்டான்.

பிரிவு

அந்தக் காலத்து மிஷனில் விடுமுறைக்கு ஊர் போகும் ஏற்பாடு கிடையாது. வந்தவர் சாகும்வரை இருப்பார் என்பதே எதிர்பார்ப்பு. ஸ்கடரே 23 ஆண்டுகள் கழித்து, 1842இல்தான் முதன்முறையாகத் தாய்நாட்டைப் பார்த்தார். ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொள்ள வழியில்லை. வெப்பமும் காய்ச்சலும் வாந்திபேதியும் ஒருபுறம். ஆங்கிலக் கல்விக்கும், நாளைய தொழிலுக்கும் திருமணத்துக்கும் இங்கே இடமில்லை என்ற எண்ணம் மறுபுறம். எனவே பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளைக் கப்பல் தலைவனின் பொறுப்பிலோ, திரும்பிப்போகும் மற்றொரு மிஷனரியின் பொறுப்பிலோ அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். 1830களில் ஸ்கடரின் மூத்த மகன்களும் இவ்வாறே போனார்கள். கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டு ஆகும். பெற்றோரின் முகம் மறந்துபோகக்கூடிய வயது அது.

இந்தப் பிரிவின் கொடுமையை மிகத் தெளிவாகக் காட்டுவது ஸ்கடரோடு ஒரே கப்பலில் வந்த வின்ஸ்லோ குடும்பம். உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கிய ஹேரியட் வின்ஸ்லோ தம் மகன் சார்ல்ஸைப் படிக்க அனுப்பினார். சிறுவன் 1832இல் நியூயார்க்கை அடைந்த சில நாள்களில் இறந்தான். 1833 ஜனவரியில் தாயும் உடுவிலில் காலமானார். தந்தை மைரன் வின்ஸ்லோவின் பெயர் 1862இல் வெளியான பெரிய தமிழ்-ஆங்கில அகராதியால் நிலைத்தது. உடுவிலில் பிறந்த மகள் ஹேரியட், டல்லஸ் என்னும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். ஐசனோவர் காலத்து வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் அவருடைய பேரன்.

எல்லா மிஷன்களும் இதே வழியில் போகவில்லை. ஹவாய்த் தீவுகளின் அமெரிக்க மிஷனரிகள் பிள்ளைகளை அனுப்ப மறுத்து, 1841இல் ஹொனலூலுவில் புனஹோ பள்ளியைத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அப்படி ஒரு முயற்சி அப்போது எழவில்லை. கல்லூரி அளவுக்குத் தமிழ் மாணவருக்கு வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திய மிஷனால் தன் பிள்ளைகளை அருகில் வைத்துப் படிக்கவைக்க முடியாமல் போனது மனத்தை உறுத்தும் செய்தி.

திரும்பி வந்த மகன்கள்

ஸ்கடரும் வின்ஸ்லோவும் 1836இல் சென்னைக்கு மாறினர். 1842 முதல் நான்கு ஆண்டுகள் ஸ்கடர் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசினார். பெரியவர்களைவிடச் சிறுவர்களையே தேடிப் போனார். லட்சத்துக்கும் மேற்பட்ட சிறார்களிடம் பேசியதாகக் கணக்கு. சிறுவர்களுக்கென்றே நூல்களும் எழுதினார். ஹேரியட் 1849 நவம்பரில் சென்னையில் இறந்தார். இறையியல் படித்துக்கொண்டிருந்த மகன் சாமுவேலும் இளமையிலேயே மறைந்தார். தந்தை 1855 ஜனவரியில் நன்னம்பிக்கை முனையை அடுத்த வைன்பர்க்கில் காலமானார்.

எஞ்சிய ஏழு மகன்களும் மிஷனரிகளாக வந்தார்கள். பத்து வயதில் அனுப்பிவைத்த ஊருக்கு அவர்களாகவே திரும்பியது வியப்பானது. பக்தி ஒரு காரணம், தந்தையின் வற்புறுத்தலும் காரணம். பிறந்த ஊரின் மொழியும் மண்ணும் இழுத்தன என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஹென்றி 1844இல் திரும்பினார். வளர்ந்தபின் வந்து முன்ஷி என்னும் மொழியாசிரியரிடம் எழுத்துக் கூட்டிப் படித்த மற்றவர்களைப் போலன்றி அவருக்குத் தமிழ் பிள்ளைமொழி. சந்தையிலும் தெருமுனையிலும் பேசுவோருக்காக அவர் தமிழில் எழுதிய 'பஜார் புத்தகம்' தமிழ்ச் செய்யுள்களை ஏராளமாக மேற்கோள் காட்டுவது. தம்பி ஜாரெட் அதை ஆங்கிலப்படுத்தி 1869இல் வெளியிட்டார்.

ஹென்றி, வில்லியம், ஜோசப் மூவரும் சேர்ந்து 1853இல் ஆர்க்காடு மிஷனை நிறுவினர். மற்ற நால்வரும் 1861க்குள் வந்து சேர்ந்துகொண்டனர். சகோதரிகள் ஹேரியட், லூயிசா இருவரும் சில ஆண்டுகள் உடன் பணியாற்றினர். 1857இல் இந்த மிஷன் அமெரிக்க ரிஃபார்ம்டு சபையின் பொறுப்புக்கு வந்தது. 1866இல் சைலஸ் ராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். பின்னாளில் ஸ்கடர் நினைவு மருத்துவமனை என்று பெயர் பெற்றது அதுவே. ஹென்றி உடல்நலம் குன்றி 1864இல் இந்தியாவை விட்டு, சான் பிரான்சிஸ்கோ, புரூக்ளின், சிகாகோ நகரங்களில் போதகராக இருந்தார். அறுபது வயது தாண்டிய பிறகு, மகன் டோரிமஸ் பணியாற்றிய ஜப்பானுக்கு 1887இல் போனார்.

ஐடா

அந்த ஜப்பான் பயணம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தொட்டது. ஏழு சகோதரர்களில் இளையவரான ஜானுக்கும் சோபியா வெல்டுக்கும் ஒரே மகளாக ஐடா 1870 டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிக் குழந்தைகளுக்குத் தன் கையால் ரொட்டி ஊட்டியது அவர் நினைவில் அழியாமல் நின்றது. குடும்பம் 1878இல் அமெரிக்கா போயிற்று. சில ஆண்டுகளில் தந்தை இந்தியா திரும்பினார். பிறகு தாயும் மகளைச் சிகாகோவில் பெரியப்பா ஹென்றி வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். பெரியப்பாவும் ஜப்பான் போனதும் ஐடா நார்த்ஃபீல்டில் சுவிசேஷப் பிரசங்கியார் மூடி நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். சூயஸ் கால்வாய் திறந்து, நீராவிக் கப்பல் வந்து, நான்கு மாதப் பயணம் ஏறத்தாழ ஒரு மாதமாகச் சுருங்கியிருந்த காலம். பயணம் சுருங்கிய அளவுக்குப் பிரிவு சுருங்கவில்லை. இந்தியாவுக்கு மிஷனரியாகப் போவதில்லை என்று அந்தப் பெண் உறுதிகொண்டதில் வியக்க ஒன்றுமில்லை. பெற்றோரைத் தன்னிடமிருந்து பிரித்த நாடல்லவா அது!

1890இல் தாயின் உடல்நலம் கெட்டதால் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்கும்படி ஐடாவை அழைத்தார்கள். அவர் மருத்துவம் அறியாதவர். மருத்துவரான தந்தையை அழைத்துப்போக மூவரும் ஒப்பவில்லை. அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்களைத் தொடக்கூடாது. காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஐடா அமெரிக்கா போய்ப் படித்து 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்த சில மாதங்களில் தந்தை காலமானார். தாய் சோபியா மகளோடேயே தங்கிவிட்டார்; விடுதிப் பள்ளியில் இழந்த ஆண்டுகளுக்கு ஈடாகத் தாயும் மகளும் 25 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வேலூர் வளர்ந்ததைத் தமிழ்நாடு நன்கறியும். ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார்.

மலையில் ஒரு பள்ளி, பிறகு

கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள், ஆண்டு 1845. சமவெளியில் பிள்ளைகளைத் தொடர்ந்து இழந்த பெற்றோர் அவர்கள். உடல்நலத்துக்கு மலை கிடைத்துவிட்டது. பள்ளி வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1901இல் மார்கரெட் எடி அம்மையார் தலைமையில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியதும், ஆண்டில் சில மாதங்களாவது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருக்க முடிந்தது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி அதன் தொடர்ச்சி. யாழ்ப்பாணத்தில் 1820களில் செய்திருக்கக்கூடிய காரியம் இது.

நான்கு தலைமுறைகளில் ஸ்கடர் வழியினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷனரிகளாக இருந்தனர். அவர்கள் பணியாற்றிய காலங்களைக் கூட்டினால் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மருத்துவர் லூயிஸ் ஸ்கடர் போன்றோர் குவைத் வரை போனார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் ஆர்க்காட்டு ஊழியம் படிப்படியாக இந்நாட்டார் கைக்கு வந்தது.

இதற்கிடையே தமிழ்க் குடும்பங்களே புறப்படத் தொடங்கியிருந்தன. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் அசரியா, மனைவி அன்புவோடும் பிள்ளைகளோடும் 1909இல் தெலுங்கு பேசும் தோர்ணகல்லுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் வந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு வட மாநிலங்களுக்கு அனுப்பிய ஊழியர்களின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா என்னும் விடுதிப் பள்ளியை நடத்துகிறது. பணித்தளத்து மலைக்கிராமத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நிலையில், பிள்ளையை எந்த வயதில் அனுப்புவது, அனுப்பாமல் இருக்க வழியுண்டா என்ற கேள்வியை அந்தப் பெற்றோரும் ஆண்டுதோறும் எதிர்கொள்கிறார்கள்.