ஈரத்தின் எடை

ஐப்பசி பிறக்கிறது. வானம் கறுக்கிறது. உழவன் முகம் மலர்கிறது. நெசவாளியின் முகம் வாடுகிறது! ஒரே மழைதான். வயலுக்கு வாழ்வு தரும் அதே மழை, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தறிகளின் ஓசையை அடக்கி, வீட்டுக்கு வீடு கவலையைக் குடியேற்றிவிடுகிறது.

காஞ்சிப் பட்டின் பெருமையைப் பேசுவோர் பலர். அந்தப் பட்டு பிறக்கும் குழியைப் பார்த்தவர் சிலரே. தரையைத் தோண்டி, அந்தப் பள்ளத்தில் கால்களை இறக்கி, மிதிகளை மிதித்தவண்ணம் நெய்வது குழித்தறி. அடைமழை பிடித்ததும் நிலத்தடி நீர் மட்டம் உயர்கிறது. பள்ளம் எங்கே உண்டோ அங்கே ஊற்றெடுக்கிறது. கூரையை எத்துணை ஒழுங்காக வேய்ந்தாலும் பயனில்லை, நீர் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது! இறைத்துக் கொட்டினால் மறுபடி ஊறுகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு ஆற்ற வெயில் இல்லை. சாயம் தோய்த்த நூல் உலருவதில்லை. பள்ளிக்கு மழை விடுமுறை என்று அறிவிப்பு வருகிறது, பிள்ளைகள் துள்ளுகிறார்கள். தறிக்கும் விடுமுறைதான். வயிற்றுக்கு விடுமுறை விடும் அதிகாரிதான் எங்கும் இல்லை!

அந்த வீட்டுச் சிறுவன் கேட்கிறான்: "ஏனப்பா மழை பெய்கிறது? ஏன் இந்த மாதத்திலேயே பெய்கிறது?" சிறு கேள்விதான். ஆனால், இந்தக் கேள்விக்கு அவனுக்கும் அவன் பாட்டனுக்கும் தரப்பட்ட விடைகளின் வரலாறு சிறியதன்று.

முதல் விடை பஞ்சாங்கத்தில் இருந்தது. ஆண்டு பிறந்ததும் படிப்பார்கள்: இவ்வாண்டுக்கு ராஜா இன்னார், மந்திரி இன்னார், மேகாதிபதி இன்னார், மழை இத்தனை மரக்கால்! வானத்திலேயும் ஒரு தர்பார், அங்கேயும் மேகத்துக்கு ஓர் அதிபதி, அவர் கையிலே மரக்கால்! எந்த ஊருக்கு அந்த மரக்கால், எந்த மாதத்தில், அளந்து பார்த்தவர் யார் என்று கேட்கும் பிள்ளை அதிகப்பிரசங்கி எனப்பட்டான். மழை பொய்த்தால் வருண செபம், கொடும்பாவி கட்டி இழுத்தல், தவளைக்குத் திருமணம். பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டு சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, அறநிலையத் துறையின் கோயில்களில் மழை வேண்டி யாகம் நடந்தது நாடறிந்த செய்தி.

இந்த மடமை நமக்கு மட்டுமே உரியது என்றும் நாம் கூறவில்லை. ஐரோப்பாவில் இடி முழங்கும்போது மாதா கோயில் மணியை அடித்தால் மின்னல் விலகும் என்று நம்பினர். உயர்ந்த கோபுரம், அதன் உச்சியில் உலோக மணி, கீழே ஈரக் கயிற்றைப் பிடித்தபடி ஓர் ஏழை! மின்னலுக்கு வேறென்ன வேண்டும்? ஜெர்மனியில் 1784-இல் வெளியான நூல் ஒன்று, 33 ஆண்டுகளில் மணியடித்தோர் 103 பேர் மாண்டதாகக் கணக்குக் காட்டிற்று. அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னரே, 1752-இல், பெஞ்சமின் பிராங்க்ளின் மின்னலை மின்சாரம் என்று மெய்ப்பித்தாயிற்று, இடிதாங்கியும் வந்தாயிற்று. அறிவு பிறந்த நாளும் அது மக்களிடம் போய்ச் சேர்ந்த நாளும் ஒன்றல்ல. இடைப்பட்ட காலத்தில் சாகிறவன் ஏழை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மை. தும்பி தாழப் பறந்தால் மழை, எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறினால் மழை என்று பாட்டி சொல்வதை நாம் பஞ்சாங்கத்தோடு சேர்த்துத் தள்ளவில்லை. அது கண்ணால் கண்டு சொன்னது. பத்து முறை தும்பி தாழ்ந்ததில் எத்தனை முறை மழை வந்தது என்று எழுதி வைக்கத் தொடங்கிவிட்டால், பாட்டியின் பேச்சு ஆராய்ச்சியின் முதற்படி ஆகிவிடும். எழுதி வைக்க அவளுக்கு எழுத்தைத் தரவில்லையே, அதுதான் குறை.

எழுதி வைத்த இடம் ஒன்று இருந்தது. காஞ்சியிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள், சென்னை நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் வானாய்வுக் கூடம் கட்டினர். 1796 முதல் அங்கே வெப்பமும் காற்றழுத்தமும் மழையும் குறித்து வைக்கப்பட்டன. கம்பெனிக்குக் கப்பல் முக்கியம். கப்பலுக்குக் காலமும் திசையும் முக்கியம். கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தி, பிரிட்டிஷாரின் பெருந்தன்மையால் ஆசியாவில் கணித அறிவியல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியட்டும் என்று பொறித்தனர். தமிழிலும் பொறித்தனர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோருக்குச் சொல்ல அத்தனை அக்கறை. அன்றே அடுத்த ஊரில் தறிக்குழியருகே நின்ற பிள்ளைக்குச் சொல்ல ஆள் இல்லை! கல்லுக்குத் தமிழ் கிடைத்தது.

இந்திய வானிலைத் துறை 1875-இல் பிறந்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய பெரும் பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழை பொய்த்ததோடு, விளைந்த தானியமும் விலைக்கு எட்டாமற் போனது. துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, கல்கத்தாவில் ஆசிரியராக இருந்தவர். இந்தியப் பள்ளிகளுக்கென்றே இயற்கைப் புவியியல் நூல் ஒன்றையும் எழுதியவர். வானிலையை அளப்பவரே பிள்ளைகளுக்கும் பாடம் எழுதினார் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் அது ஆங்கிலப் பாடம். ஆங்கிலம் கற்றவன் வீட்டில் தறிக்குழி கிடையாது. தறிக்குழி இருந்த வீட்டில் ஆங்கிலம் கிடையாது.

பிறகு, 1953-இல், கிராமப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, எஞ்சிய நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததையும், நாடு கொதித்தெழுந்ததையும், 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டதையும் தோழர்கள் அறிவார்கள். அதனை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. அப்பன் தொழிலைப் பிள்ளை அறியாமலா இருந்தான்? கோர்வைச் சேலை நெய்ய மறுகரையில் அமர்ந்து நாடா வாங்கிப் போடத் துணையாள் வேண்டும். நெடுங்காலம் அந்தத் துணையாள் வீட்டுப் பிள்ளைதான். குழியில் நீர் ஊறுவதை அவன் பார்த்தான். ஏன் ஊறுகிறது என்பதைத் தறி சொல்லாது. அதைச் சொல்ல வேண்டிய பள்ளியின் நேரத்தைத்தான் அந்தத் திட்டம் குறைத்தது.

சரி, பள்ளி சொல்லிற்றா? தென்மேற்குப் பருவக்காற்று சூன் மாதத்தில் இந்தியாவுக்கு மழை கொணர்கிறது என்று மனப்பாடம் செய்வித்தது. உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. தன் தகப்பனின் கூலியைப் பறிக்கும் மழை எது என்பதே பாடத்தின் நடுவில் வைக்கத்தக்கது. எளிய கணக்கு ஒன்று போதும்: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். நாற்பது சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர்! அது எங்கே போகிறது, தெருவில் ஓடுவது எவ்வளவு, மண்ணில் இறங்கிக் குழியில் தலைகாட்டுவது எவ்வளவு என்று பிள்ளை தேடத் தொடங்குவான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது என்று கேட்டால், அது வெறும் எண்ணாக அவன் காதில் விழாது. கூரைக்கு எத்தனை லிட்டர் என்று பெருக்கிப் பார்ப்பான்.

இதைவிட நுட்பமான, பணம் சம்பந்தப்பட்ட ஒரு பாடம் உண்டு. அதுவே நாம் முதன்மையாகக் கூற வந்தது.

பட்டு ஈரம் குடிக்கும். கைக்கு நனைந்ததாகத் தெரியாமலே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடை ஏறும். வறண்ட காற்றில் எடை இறங்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரப் பட்டு வணிகர்களிடையே இதனால் ஓயாத வழக்கு. விற்றவன் ஈர நாளில் நிறுத்தான், வாங்கியவன் வறண்ட நாளில் நிறுத்தான், இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்றனர். 1805-இல் நெப்போலியன் ஆணையால் பட்டின் ஈரத்தை ஆய்ந்து எடை சொல்லும் பொது நிலையம் அங்கே நிறுவப்பட்டது. 1840-களில், பட்டை முற்றிலும் உலர்த்தி நிறுத்து, அதன்மேல் நூற்றுக்குப் 11 பங்கு ஈரத்துக்காகச் சேர்ப்பது என்ற முறை வந்தது. அந்தப் 11 என்னும் கணக்கே இன்றும் வணிக உலகில் நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நூலை நிறுத்துக் கொடுப்பதும், நெய்த சேலையை நிறுத்து வாங்குவதும் பட்டுத் தொழிலின் பழைய வழக்கம். அரைக் கிலோ உலர்ந்த பட்டு. அடைமழையில் அது நூற்றுக்கு 14 பங்கு ஈரம் கொண்டது எனக் கொள்வோம், தராசில் 570 கிராம். சேலை முடியும்போது தை பிறந்து காற்று வறண்டு, ஈரம் 9 பங்காயிற்று எனக் கொள்வோம், 545 கிராம். இருபத்தைந்து கிராம் எங்கே? சேதாரக் கணக்கில் அடங்காவிட்டால் கேள்வி வரும், கூலியில் பிடித்தம் வரும், அவற்றைவிடக் கொடிதாக, நாணயத்தின்மேல் ஐயம் வரும். நெசவாளி ஒரு நூலையும் எடுக்கவில்லை, காற்று எடுத்துக்கொண்டது! லியோன் நகரில் வணிகனுக்கும் வணிகனுக்கும் வழக்கு. ஆகவே சட்டம் பிறந்தது. இங்கே முதலாளிக்கும் கூலிக்கும் வழக்கு, கூலி தலைகுனிந்தான். வானிலைப் பாடம் கற்ற மகன் இருந்திருந்தால் தலை நிமிர்ந்திருக்கும்.

கருவிகளுக்கு ஏழைப் பள்ளி எங்கே போகும் என்பார்கள். நம் நாட்டு வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தவர் ஒரு பெண்மணி, அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். எட்டாம் பிறந்தநாளுக்கு வீட்டார் தந்த வைரத் தோட்டை வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிய சிறுமி அவர்! 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, நூற்றுக்கு அருகான கருவிகளுக்கு வரைபடம் வகுத்தார். அத்தனையும் நம் பள்ளிக்கு வேண்டியதில்லை. ஒரே அகலமுள்ள குப்பியும் அளவுகோலும் இருந்தால் மழைமானி.

ஈரமானியோ, அதனினும் எளிது. ஜெர்மன் நாட்டுக் கர்தினால், கூசா ஊரின் நிக்கோலஸ், 1450-இல் எழுதி வைத்த முறை: தராசின் ஒரு தட்டில் கம்பளி மயிர், மறுதட்டில் கல். காற்று ஈரமானால் கம்பளித் தட்டு தாழும், உலர்ந்தால் எழும். கம்பளி நமக்கு எதற்கு? பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்கா பஞ்சம்! வகுப்பின் சன்னலோரம் ஒரு தராசு, ஒரு தட்டில் ஒரு கழிப் பட்டு. நாள்தோறும் காலையில் ஒரு பிள்ளை எடையைக் கரும்பலகையில் எழுதட்டும். ஐப்பசியில் தொடங்கித் தை வரை அந்தப் பட்டியல் வளரட்டும். அதன் பிறகு ஒரு நாள், தகப்பனோடு சேலை கொடுக்கப் போகும் அந்தச் சிறுவன், தராசைப் பார்த்துவிட்டு, "ஐயா, நூல் கொடுத்த அன்று காற்றில் ஈரம் எவ்வளவு?" என்று கேட்பான்.