பால் புட்டியின் நிப்பிளை எப்போது மாற்ற வேண்டும்?

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் தாயின் உடல்நிலை, வேலைக்குத் திரும்புவது, பால் போதாமை என்று ஏதோ ஒரு காரணத்தால் புட்டிப்பால் கொடுக்க வேண்டிய நிலை பல வீடுகளில் ஏற்படுகிறது. அந்த வீடுகளில் உம்மாமார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "பிள்ளைக்கு மூணு மாசம் ஆயிடுச்சு, அடுத்த நம்பர் நிப்பிள் மாத்தலாமா?" என்பதுதான்.

அட்டையில் உள்ள எண் என்ன சொல்கிறது?

நிப்பிள் அட்டைகளில் 1, 2, 3 என்ற எண்களோ, 0 மாதம், 3 மாதம், 6 மாதம் என்ற வயதோ அச்சிடப்பட்டிருக்கும். எண் கூடக் கூட, பால் வரும் வேகமும் கூடும். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு அல்ல. ஒரு நிறுவனத்தின் 1-ஆம் எண், இன்னொரு நிறுவனத்தின் 2-ஆம் எண்ணை விட வேகமாகப் பால் தரலாம். எனவே அட்டையில் உள்ள வயதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பிள்ளை குடிக்கும் விதத்தைப் பார்த்து எடுங்கள்.

வேகம் போதவில்லை என்பதன் அடையாளங்கள்

• கன்னம் குழிவிழும்படி சிரமப்பட்டு உறிஞ்சுவது, நிப்பிள் உள்ளே சப்பிப் போவது.
• வழக்கமாக 15, 20 நிமிடத்தில் குடித்து முடிக்கும் பிள்ளை, இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது.
• பசி தீராமலே களைத்துத் தூங்கி, சற்று நேரத்தில் மீண்டும் பசித்து அழுவது.
• நிப்பிளைக் கடிப்பது, இழுப்பது, எரிச்சலுடன் தட்டிவிடுவது.

இவை ஒருநாள் மட்டும் தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். மூக்கடைப்பு, பல் முளைப்பது, தூக்கக் கலக்கம் ஆகியவற்றாலும் பிள்ளை இப்படிச் செய்யலாம். சில நாட்கள் தொடர்ந்தால், முதலில் துளையில் பால்மாவு கட்டி அடைத்திருக்கிறதா, மூடி அதிக இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் அடுத்த எண்ணை முயலலாம்.

வேகம் அதிகம் என்பதன் அடையாளங்கள்

• மடக் மடக்கென்று விழுங்குவது, புரையேறுவது, இருமுவது.
• வாயோரத்தில் பால் வழிவது, மூக்கு வழியாக வருவது.
• கண்களை அகல விரிப்பது, விரல்களை விறைப்பாக விரிப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது.
• குடித்தவுடன் அதிகமாகக் கக்குவது.

இவற்றைக் கண்டால் உடனே குறைந்த எண்ணுக்குத் திரும்புங்கள். வயது கூடிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாய்ப்பாலும் புட்டிப்பாலும் சேர்த்துக் குடிக்கும் பிள்ளைகள் கடைசி வரை மெதுவான நிப்பிளிலேயே இருக்கலாம். புட்டியில் பால் சுலபமாக வந்தால், தாய்ப்பாலை உறிஞ்சச் சோம்பல் கொள்ளும் பிள்ளைகளும் உண்டு.

ஊசியால் துளையைப் பெரிதாக்காதீர்கள்

பால் மெதுவாக வருகிறது என்று ஊசியைச் சுடவைத்துத் துளையைப் பெரிதாக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இது ஆபத்தானது. பால் கட்டுப்பாடின்றிக் கொட்டி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிய்ந்து தொண்டையில் சிக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் சொல்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லி, புது நிப்பிள் ஒன்று வாங்குவதே நல்லது.

மாற்றும் முறை

புது எண்ணைப் பகல் நேரத்தில், பிள்ளை நன்றாக விழித்திருக்கும்போது ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தலையும் முதுகும் சற்று நிமிர்ந்திருக்க, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். பழைய நிப்பிளையும் கழுவி வைத்திருங்கள்.

எண்ணை மாற்றாவிட்டாலும், வெடிப்பு, பிசுபிசுப்பு, நிறமாற்றம், உப்பல் தெரிந்தால் அந்த நிப்பிளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தினமும் கொடுக்கும் முன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

எந்த நிப்பிளிலும் புரையேறுவது, குடிக்கும்போது உதடு நீலமாவது, மூச்சுத் திணறுவது, எடை கூடாமல் இருப்பது, ஒரு நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழிப்பது ஆகியவை நிப்பிள் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாதவை. உதடு நீலமானாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் எண்ணை மாற்றவே வேண்டாம். பாலாடையில் கொடுக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

பால்குடி மறக்கச் செய்வதைப் பெற்றோர் இருவரும் மனமொப்பி, கலந்து பேசி முடிவு செய்ய வழிகாட்டுகிறது குர்ஆன் (2:233). கடைக்குப் போய் நிப்பிள் வாங்குவது பெரும்பாலும் வாப்பாதான். பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்பதை அவரும் ஒருவேளை மடியில் வைத்துக் கொடுத்துப் பார்த்தால், சரியான எண்ணை வாங்கி வருவார்.