விளையாத வயலை அடகு வைத்த கதை: லீட்ஸ் யுனைடெட் ரசிகர் நினைவில் பொய்த்த ஒப்பந்தங்கள்

1. பொருள்

ஒரு புரவலன் இறந்தபின் அவனை நம்பியிருந்தோர் பாடுவதைத் தமிழ் இலக்கணம் கையறுநிலை என்று வகுத்தது. இறந்தவனின் கொடையும் வீரமுமே அங்கே பேசுபொருள். அவன் செய்த தவறான செலவுகளைப் புலவர் எண்ணுவதில்லை. கால்பந்து ரசிகரின் கையறுநிலை இதற்கு நேர்மாறானது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் உள்ள லீட்ஸ் யுனைடெட் கிளப்பின் ரசிகர்கள் 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வெற்றிகளைவிட வேகமாக நாக்கில் வருவன ஏமாற்றிய வீரர்களின் பெயர்கள். யாரை எவ்வளவுக்கு வாங்கினோம், எத்தனை ஆட்டம் ஆடினான், எந்த முழங்கால் போயிற்று என்பதெல்லாம் மனப்பாடம்.

இந்த நினைவு பொய்யில்லை. ஆனால் அது காரணத்தை இடம் மாற்றி வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. உயரம்

எந்த உயரத்திலிருந்து விழுந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். டான் ரெவி 1961 முதல் 1974 வரை பயிற்றுவித்த அணி, 1969-இலும் 1974-இலும் லீக் பட்டத்தையும் 1972-இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. ஐந்து முறை லீக்கில் இரண்டாம் இடத்தில் நின்றது என்பதைப் பழைய ரசிகர்கள் பட்டங்களுக்குச் சமமாகச் சொல்வார்கள். பெருமையாகவா, புகாராகவா என்று பிரித்தறிவது கடினம். 1975-இல் பாரிசில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பேயர்ன் மியூனிக்கிடம் தோற்றார்கள். 1982-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, மீண்டெழுந்து, 1992-இல் ஹவர்ட் வில்கின்சன் காலத்தில் மறுபடி பட்டம் வென்றார்கள். இன்றைய முதற்பிரிவான பிரீமியர் லீக் பிறப்பதற்கு முந்தைய கடைசிப் பட்டம் அதுதான்.

1998-இல் டேவிட் ஓ'லியரி பொறுப்பேற்றார். அணி அடுத்தடுத்து நான்காம், மூன்றாம், நான்காம் இடங்களில் முடித்தது. 2001 வசந்தத்தில், ஐரோப்பியக் கோப்பையின் புதிய வடிவமான சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போய் வலென்சியாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு புத்தாண்டு நாளில் லீக் அட்டவணையின் உச்சியில் லீட்ஸ் இருந்தது. இரண்டரை ஆண்டுக்குள் அது பிரீமியர் லீக்கிலேயே இல்லை.

3. கடனின் அமைப்பு

தலைவர் பீட்டர் ரிட்ஸ்டேலின் நிர்வாகம் போட்ட கணக்கு எளியது. ஆண்டுதோறும் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் தொலைக்காட்சிப் பணம் வரும். அந்தப் பணத்தில் இன்றைய வீரர்களுக்கான கடனை அடைக்கலாம். மழை பெய்யும் என்று நம்பி விதைப்பது உழவனுக்குப் புதிதல்ல. ஆனால் மழை பெய்யும் என்று எழுதிக்கொடுத்து வயலையே அடகு வைப்பது வேறு.

2001-இல் கிளப் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. ஈடாக எழுதிக்கொடுத்தது எல்லண்ட் ரோடு மைதானத்தின் டிக்கெட் வருமானத்தை, 25 ஆண்டுகளுக்கு. இதற்கும் மேலாகச் சில வீரர்களை நிதி நிறுவனம் பணம் தர, கிளப் தவணை கட்டும் முறையில் எடுத்தார்கள். லாரியைத் தவணையில் எடுத்தவர் கட்டத் தவறினால் நிறுவனம் வண்டியையாவது இழுத்துக்கொண்டு போகும். காயம்பட்ட நடுக்கள வீரரை இழுத்துப் போய் என்ன செய்வது?

ஆக, அடகுக்குப் போனது ரசிகரின் பணமே. சீசன் டிக்கெட்டுக்கு அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அவர் தரப்போகும் தொகையும், அவர் பிள்ளை வளர்ந்து வாங்கப்போகும் டிக்கெட்டும் அதில் அடங்கும். யாரும் அவரைக் கையெழுத்துக் கேட்கவில்லை.

மழை பொய்த்தது. 2000–01 பருவத்தில் ஒரே ஒரு புள்ளியில் லிவர்பூல் முந்திக்கொள்ள, சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு நழுவியது. அடுத்த பருவத்தில் ஐந்தாம் இடம். 2003 வாக்கில் கடன் 10 கோடி பவுண்டைத் தொட்டுவிட்டது. ரிட்ஸ்டேல் விலகியபின், அவர் அறையில் வாடகைக்கு வைத்திருந்த தங்கமீன் தொட்டிக்கு ஆண்டுக்கு 240 பவுண்டு போனது வெளியே தெரிந்தது. இன்றைக்கும் கதை கேட்பவர்கள் 6 கோடியை மறந்துவிட்டு மீனை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இது தற்செயலல்ல, வீரர்கள் விஷயத்திலும் இதுவே நடந்தது.

4. பொய்த்த ஒப்பந்தங்களின் வகைகள்

ரசிகர் பேச்சில் எல்லாம் ஒரே குப்பையில் விழுந்தாலும், இவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

அ) உடல் ஒத்துழைக்காதவர். 2001 அக்டோபரில் டார்பி கவுன்டியிலிருந்து 70 லட்சம் பவுண்டுக்கு வந்த சேத் ஜான்சன். நான்கு ஆண்டுகளில் ஐம்பத்துச் சொச்சம் லீக் ஆட்டங்கள். மீதி நாள்கள் முழங்கால் சிகிச்சையில் கழிந்தன. அவர் கேட்க நினைத்ததைவிடப் பல மடங்கு சம்பளத்தைத் தலைவரே முன்வந்து தந்தார் என்றொரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தும் அது ஓயவில்லை. காலத்தின் மனநிலைக்குப் பொருந்தும் கதையைச் சான்று கொண்டு வீழ்த்த முடியாது.

ஆ) உச்சம் கடந்து வந்தவர். ராபி ஃபவுலர், லிவர்பூலிலிருந்து 2001 நவம்பரில் 1.1 கோடி பவுண்டுக்கு வந்தார். அவரைப் பொய்த்தவர் என்பது பாதி அநியாயம்: முதல் பருவத்திலேயே லீக்கில் 12 கோல் அடித்தவர். பிறகு இடுப்புக் காயம். 2003 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு ஏறத்தாழ பாதி விலைக்குப் போனார். அதன்பிறகும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸ் கட்டிக்கொண்டிருந்தது. போன மாட்டுக்கும் புல் வாங்கிய வீடு இது.

இ) புகழோடு இரவலாக வந்தவர். ரோக்கி ஜூனியர் 2002 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் தடுப்பாட்டக்காரர். 2003-இல் மிலானோடு சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றவர். அதே ஆண்டு லீட்சுக்கு வந்து ஐந்து லீக் ஆட்டங்கள் ஆடினார். அணி கோல்களை வாங்கிக் குவித்தது. எல்லண்ட் ரோட்டில் முதல் ஆட்டத்திலேயே சிவப்பு அட்டை. மோசமான ஒப்பந்தங்களின் பட்டியலை யார் போட்டாலும் இவர் பெயர் தவறாது. ஆனால் அதே அக்டோபரில் லீக் கோப்பை ஆட்டத்தில், ஜென்மப் பகையான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக, லீட்ஸ் அடித்த இரண்டு கோலும் இவருடையவை. 3–2 என்று தோற்றதால் அவை கணக்கில் ஏறவில்லை.

ஈ) முந்தைய தலைமுறையின் பொய்ப்பு. இந்த வகையே வாதத்துக்கு முக்கியம். 1995 நவம்பரில் பார்மாவிலிருந்து 45 லட்சம் பவுண்டுக்கு வந்த ஸ்வீடன் வீரர் தாமஸ் ப்ரோலின் 19 லீக் ஆட்டங்களில் 4 கோல் அடித்தார். எடை கூடி, பயிற்சியாளரோடு முரண்பட்டு, கேலிப்பொருளாகி வெளியேறினார். கிளப் அதனால் மூழ்கவில்லை. நான்கு ஆண்டில் ஐரோப்பாவின் முன்வரிசைக்கு வந்தது.

5. ஒரு தடையும் விடையும்

தடை: வாங்கியவர்கள் நன்றாக ஆடியிருந்தால் கடன் அடைந்திருக்காதா?

விடை: நன்றாக ஆடியவர்களைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். 2000 நவம்பரில் 1.8 கோடி பவுண்டுக்கு, பிரிட்டிஷ் சாதனை விலையில் வந்த ரியோ ஃபெர்டினாண்ட் சோடை போகவில்லை. 2002-இல் அவரை ஏறத்தாழ 3 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். 60 லட்சத்துக்கு வந்த மார்க் விடுகா 2000 நவம்பரில் லிவர்பூலுக்கு எதிரான 4–3 வெற்றியில் நான்கு கோலையும் தானே அடித்தார். இவர்கள் வெற்றிகரமான ஒப்பந்தங்கள். ஆனாலும் கிளப் விழுந்தது. ப்ரோலின் தோல்வி, கிளப் எழுந்தது. ஆகவே ஒப்பந்தம் பொய்ப்பதும் கிளப் அழிவதும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. இன்னும் ஈட்டாத பணத்தில் வாங்கிய நல்ல வீரரும் பாரமே.

அப்படியிருக்க ஜான்சன் பெயர் ஏன் நிலைக்கிறது? வட்டி விகிதத்தைப் பார்த்து யாரும் மைதானத்தில் கத்த முடியாது. அதற்கு முகமில்லை, முதுகில் எண்ணில்லை. நொண்டி நடந்த ஓர் ஆளுக்கு இரண்டும் இருந்தன. இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமான ஒன்று: அந்த வீரர்கள் வந்திறங்கிய ஒவ்வொரு நாளும் ரசிகர் மகிழ்ந்தார். கணக்கைக் குறை சொன்னால் அந்த மகிழ்ச்சியையும் கூண்டில் ஏற்றவேண்டிவரும்.

6. இறக்கம்

ஃபெர்டினாண்டுக்குப் பின் ராபி கீன், ஜோனதன் வுட்கேட் என்று விற்பனை தொடர்ந்தது. 2004 மே மாதம் போல்டனில் 4–1 தோல்வியோடு இறக்கம் உறுதியானது. உள்ளூர்ப் பையனான ஆலன் ஸ்மித்தைக் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே மாதம் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். அந்த ஆண்டு இறுதிக்குள் எல்லண்ட் ரோடு விற்கப்பட்டு, கிளப் தன் வீட்டிலேயே வாடகைக்காரர் ஆனது. 2007-இல் திவால் நடைமுறை, 10 புள்ளி வெட்டு, மூன்றாம் பிரிவு. அங்கேயும் மைனஸ் 15 புள்ளியில் தொடக்கம். சக்திக்கு மீறிச் செலவிட்டு நொடிக்கும் கிளப்பை இங்கிலாந்தில் இப்போதும் 'லீட்ஸ் ஆகிவிட்டது' என்ற பொருளில் பேசுகிறார்கள். ஊர்ப் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது.

7. திரும்பியபின்

மைதானத்தைக் கிளப் 2017-இல் மீட்டது. 16 ஆண்டுக்குப்பின், 2020 ஜூலையில், மார்செலோ பியெல்சாவின் அணி பிரீமியர் லீக்குக்குத் திரும்பியபோது கொரோனாவால் அரங்கில் பார்வையாளருக்கு இடமில்லை. ரசிகர்கள் எல்லண்ட் ரோட்டின் வெளியே சாலையில் கூடிப் பாடினார்கள். ஒரு டிக்கெட்டும் விற்காத நாள். 2001-இல் எழுதிய பத்திரம் எழுதியபடியே ஓடியிருந்தால், உள்ளே காலியாகக் கிடந்த அந்த நாற்காலிகள் 2026 வரை அடகில் இருந்திருக்கும்.