கை ஓரிடம், கருவி ஓரிடம்



திண்டுக்கல் கோட்டைப் பாறையின் மீதேறி மேற்கே நோக்கினால், சமவெளிக்கு அப்பால் பழனி மலைத்தொடர் நீலநிறமாகத் தோன்றும். அம்மலைமீது, கோடைக்கானலில், 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வானாய்வுக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். அந்நாளில் அங்குச் செல்ல விழைந்தோர் சமவெளியில் ரயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் சேர்ந்து, பின்னர் நடந்தோ டோலியில் சுமக்கப்பட்டோ மலையேறினர். கருவி இருக்கும் இடத்திற்கு மனிதன் சென்றாக வேண்டும் என்பது அக்காலத்து விதி.

அவ்விதி எவ்வாறு தளர்ந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் அமைத்த கணிப்பொறியோ நியூயார்க் நகரில் இருந்தது. கல்லூரியில் வைத்த தொலைத்தட்டச்சுப் பொறியில் கணக்கைத் தட்டினார்கள். தந்திக் கம்பி வழியே விடை வந்து தாளில் பதிந்தது. தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கிய முதல் நிகழ்ச்சி இதுவே என்பர்.

1968-இல் டக்ளஸ் எங்கெல்பார்ட் சான்பிரான்சிஸ்கோ நகரில் அமர்ந்து, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கணினியைத் திரையும் விசைப்பலகையும் கொண்டு இயக்கிக் காட்டினார். 1998-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வி.என்.சி. என்னும் மென்பொருளை யாவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டனர். அதன்பின், மடியிலுள்ள சிறு கணினியைக் கொண்டு வேறோரிடத்து மேசைக் கணினியை ஆளுதல் எளியோர்க்கும் கைவந்தது.

இதன் நுட்பம் யாது? நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால், ‘இன்ன விசை அழுந்தியது’ என்னும் சிறு செய்தி மட்டும் அங்கே செல்கிறது. வேலை முழுவதையும் அந்த மேசைக் கணினியே செய்கிறது. அதன் திரையில் மாறிய பகுதியின் படம் உங்கள் திரைக்குத் திரும்பி வருகிறது. எனவே மடிக்கணினி வலிவற்றதாயினும் குறையில்லை.

இனி மீண்டும் நம் மலைக்கு வருவோம். கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அதே நிறுவனம் இமயத்தின் லடாக் பகுதியில், ஹான்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை அமைத்தது. 2000-ஆம் ஆண்டில் அது முதன்முதலாக விண்மீனொளி கண்டது. மூச்சுத் திணறும் அக்குளிர்மேட்டில் அறிஞர்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகின்றனர். டோலியில் ஏறிய காலம் எங்கே, இக்காலம் எங்கே!

என் பழைய மாணவி ஒருத்தி நம் சமவெளிக் கிராமத்தவள், பொறியியல் பயில்கிறாள். அவள் தன் வீட்டுத் திண்ணையில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, கல்லூரியிலுள்ள வலிய கணினியில் பாலத்தின் வரைபடம் ஒன்றை வரைந்ததைக் கண்டேன். விடுமுறையால் அவள் படிப்பு நிற்கவில்லை. விலைமிக்க கருவியும் வாங்க நேரவில்லை.

ஆனால் மற்றொன்றும் கண்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடன், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவன் தொலைபேசியில் பேசினான். அவன் சொற்படி இத்தகைய மென்பொருளைத் தம் கைபேசியில் ஏற்றி, திரையில் தோன்றிய எண்ணையும் அவனிடம் கூறினார். அவர் கண்ணெதிரே சேமிப்பு கரைந்தது. இவ்வகை வஞ்சகம் குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருந்தது.

மாணவர்களே, இரண்டிலும் நுட்பம் ஒன்றே. அனுமதி பெற்றவன் கை எவனுடையது என்பதே வேறுபாடு. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். எத்துணை உறுதியான பூட்டாயினும், திறவுகோலை நாமே அயலான் கையில் கொடுத்தால் அது என் செய்யும்? தொலைவை வெல்லும் கல்வியை விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியோர்க்கும் இதனை இன்றே எடுத்துரையுங்கள்.