அக்கா பிள்ளை, தங்கை பிள்ளை: நெல்லியாளத்தில் ஓர் உறவுமுறையின் வரலாறு

நீலகிரியின் மேற்குச் சரிவில் பந்தலூர் வட்டத்தில் உள்ளது நெல்லியாளம் நகராட்சி. பெயர் ஓர் ஊரைச் சுட்டினாலும் கண்ணுக்குத் தெரிவது தேயிலைச் சரிவுகளும் அவற்றுக்கிடையே சிதறிக் கிடக்கும் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளும் சிறு கடைத்தெருக்களும்தான். இங்குள்ள அரசுத் தேயிலைத் தோட்டங்களின் குடியிருப்புகளில் வாழ்வோரில் பெரும் பகுதியினர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் வழியினர். அரசு ஏடுகளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்', கடைத்தெருவில் 'சிலோன்காரர்'. இரண்டு ஒப்பந்தங்களால் கலைக்கப்பட்ட ஒரு சமூகம் தன்னை மறுபடியும் கட்டிக்கொண்டபோது அதற்குப் பிடிமானமாக இருந்தவற்றுள் முதன்மையானது அக்கா தங்கை உறவு.

அந்த உறவின் வலு தமிழ் உறவுமுறையிலேயே இருக்கிறது. தாயின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. இரண்டு சொல்லிலும் அம்மா இருக்கிறாள். அக்கா பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் தங்களுக்குள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அவர்களுக்கிடையே திருமணப் பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் அப்படியல்ல. அவர்கள் முறைப்பிள்ளைகள், பெண் கொடுத்து எடுக்கலாம். தாய்மாமன் அக்கா மகளையே கட்டும் வழக்கமும் உண்டு. முன்பின் அறியாத இரண்டு ஆண்கள், இரு சகோதரிகளைக் கட்டியதாலேயே சகலை ஆகிறார்கள். ஆகவே ஒரு பெண்ணுக்கு அக்காவோ தங்கையோ இருக்கிறாள் என்றால் அவளுக்கு இரண்டாவது வீடு ஒன்று இருக்கிறது. அவளுடைய பிள்ளைகளுக்கு இரண்டாவது தாய் இருக்கிறாள்.

இந்த மண்ணிலும் சகோதரியை நடுவில் வைத்துக் குடும்பத்தைக் கணக்கிடும் வழக்கம் தேயிலைக்கு முன்பே இருந்தது, வேறு வடிவில். கூடலூர் பகுதியின் பெரும் ஜன்மியாக, அதாவது பரம்பரை நிலவுடைமையாளராக, இருந்தது நிலம்பூர் கோவிலகம். மருமக்கத்தாய முறைப்படி அங்கே சொத்து தாய்வழியில் இறங்கியது. சகோதரிகளும் அவர்களின் பிள்ளைகளுமே குடும்பம். நெல்லியாளத்தில் இருந்த 'அரசு' என்ற நிலக்கிழார் குடும்பம் கன்னட வழி வந்த லிங்காயத்துக் குடும்பம். அவர்கள் தந்தைவழி வாரிசு முறையைப் பின்பற்றினார்கள். அடுத்தடுத்த மலைகளில் இருவேறு குடும்பக் கணக்கு. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், வயநாட்டுச் செட்டிமார் எனப் பல மக்கள் இந்த ஜன்ம நிலங்களுக்குள்ளேயே வாழ்ந்தனர். 80 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இந்நிலங்கள் குறித்து 1969-இல் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது. இலங்கையின் கண்டிச் சீமையிலிருந்து மக்கள் வந்து இறங்கியதும் அதே ஆண்டுகளில்தான்.

அவர்களின் முன்னோர் கண்டிக்குப் போன கதையும் உறவுக் கதையே. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டிப் போனவர் கங்காணி. அவர் கூட்டிப் போனது பெரும்பாலும் தன் ஊராரையும் தன் உறவுக்காரரையும்தான். கடனும் முன்பணமும் அந்த உறவின் மேலேயே ஏற்றி வைக்கப்பட்டன. மாமன் கங்காணியாக இருந்தால் மருமகன் ஓடிப் போக முடியாது. சொந்தத்தைச் சுரண்டலுக்குக் கயிறாக்கிய ஏற்பாடு என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

காப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். அதனால் போனவர்களில் ஆண்களே மிகுதி. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். 1869 முதல் காப்பி இலைகளில் பரவிய நோய், அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து துளிர்க்கும், அதைப் பறிக்க ஆண்டு முழுதும் பெண்கள் வேண்டும். குடும்பமாகத் தங்கினால்தான் தோட்டம் ஓடும் என்றாயிற்று. லயத்துக் காம்பரா அப்படித்தான் நிலைத்தது: வரிசையாய்ப் பத்துப் பன்னிரண்டு அறைகள், முன்னால் ஒரு வாசல், அறைக்கு ஒரு குடும்பம். தாய், சின்னம்மா, பெரியம்மா, அத்தை என்று ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்வது சாதாரணமாயிற்று. சொந்தமில்லாதவர்களும் முறை வைத்தே கூப்பிட்டுக்கொண்டார்கள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது அக்கா ஒரு நிரை, தங்கை அடுத்த நிரை. கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வந்தாலும், பெரிய பிள்ளைகள் மாலையில் யார் வீட்டு அடுப்பில் சோறு இருக்கிறதோ அங்கே உண்பார்கள்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, இம்மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த மீதியையும் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரைப் பங்கு போட்ட இந்தக் கணக்கில் மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

இந்தக் கணக்கு ஏற்றுக்கொண்ட அலகு சிறு குடும்பம்: கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில் போகும். திருமணமான மகள் கணவன் வீட்டு விண்ணப்பத்தில் சேர்ந்துவிடுவாள். அக்காவின் கணவர் இந்தியாவுக்கும் தங்கையின் கணவர் இலங்கைக்கும் எழுதிப் போட்டால், இரு சகோதரிகளும் இரு நாட்டவர். சகலைகள் இருவர் எடுத்த முடிவில் ஒரு தாயின் மகள்கள் பிரிந்தார்கள். நாடு திரும்பியோர் மொத்தம் நான்கரை லட்சத்துக்கு மேல். குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். குடும்பத்துக்குச் சராசரியாக நான்கு பேர். லயத்தில் 'எங்க குடும்பம்' என்றால் நாற்பது பேர் இருப்பார்கள். அரசின் நான்குக்கும் லயத்தின் நாற்பதுக்கும் இடையே அறுந்தவை எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. தோட்டத்துப் பெண்களின் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அவை இருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983-இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அந்த மரபைப் பதிவு செய்த நூல்.

புறப்படுமுன் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். பிறகு ரயில். தலைமன்னார் துறைக்குப் போகும் அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஏறுபவர்களும் மேடையில் நிற்பவர்களும் செத்த வீட்டில் அழுவதுபோல் அழுததால் வந்த பெயர். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பல், அப்புறம் இராமேசுவரம், மண்டபம் முகாம். கையில் இருந்ததில் மிக விலைமதிப்புள்ளது குடும்ப அட்டை. வேலையும் கடனும் வீடும் அதைக் காட்டித்தான் கிடைக்கும்.

மண்டபத்தில் இன்னொரு பிரிவு நடந்தது. எங்கே போவது என்பதை மறுவாழ்வுத் திட்டமே தீர்மானித்தது. சிலருக்கு நூற்பாலை வேலை, சிலருக்குச் சிறு வியாபாரக் கடன், சிலருக்கு ரப்பர்த் தோட்டம். கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, தமிழ்நாட்டில் நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி என்று திசைக்கொன்றாய்ப் போனார்கள். ஒரே கப்பலில் வந்த சகோதரிகள்கூட வெவ்வேறு மாநிலத்தில் இறங்க நேர்ந்தது.

நீலகிரியில் 1968-இல் வனத்துறை மூலம் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. காடு திருத்திக் கன்று நட்டவர்கள் தாயகம் திரும்பியோரே. 1976 முதல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஊர்ப் பேச்சில் 'டேன்டீ'. நெல்லியாளம், பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, தேவாலா என்று கோட்டங்கள் விரிந்தன. வந்தவர்களுக்கு மழை புதிதல்ல, அட்டை புதிதல்ல, வேலையும் புதிதல்ல. யானை நடமாட்டம்தான் அவர்களைத் திணற வைத்தது. இன்றும் அந்தத் திணறல் ஓயவில்லை.

இங்கேதான் சகோதரிகளின் கணக்கு அரசின் கணக்கை முந்தியது. சமவெளியில் கடன் வாங்கிக் கடை வைத்தவர்களில் பலருக்கு வியாபாரம் பிடிபடவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, ஊராரும் அந்நியராகவே பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒரே தொழில் கொழுந்து. மலையில் அக்கா இருக்கிறாள், சின்னம்மா இருக்கிறாள் என்று தெரிந்ததும் மூட்டை கட்டி மலையேறினார்கள். திட்டத்தில் நீலகிரிக்கு ஒதுக்கப்படாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படிக் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களில் தாமாகக் குடியேறின. முதலில் உறவு வீட்டுத் திண்ணையில் சில வாரம். பிறகு தனியார் தோட்டத்தில் தினக்கூலி. பிறகு சிறு குடிசை. அலுவலக மொழியில் இது முறையற்ற குடியேற்றம். மக்கள் பேச்சில், 'அக்கா வீட்டுக்கு வந்தது'.

வந்தவர்கள் எல்லாருக்கும் அக்கா கிடைத்துவிடவில்லை. அப்படிப்பட்டவர்கள் உறவை உண்டாக்கிக்கொண்டார்கள். இலங்கையில் ஒரே தோட்டத்தில் இருந்தவர்கள் இங்கே சந்தித்துக்கொண்டால் தோட்டத்தின் பெயரே சொந்தமாகிவிடும்; 'எங்க தோட்டத்துப் புள்ள' என்ற ஒரு சொல் போதும். பெண் பிள்ளை சமைந்தால் சீர் கொண்டுவர வேண்டிய தாய்மாமன் கடலுக்கு அப்பால் இருப்பான். முறையுள்ள இன்னொருவர் மாமனாக நின்று தட்டு ஏந்துவார். காதுகுத்துக்கும் அப்படியே. ஆனால் பேறுகாலத்துக்குத் தாய் இல்லாத இடத்தில் பெரியம்மா நிற்பதை யாரும் மாற்று ஏற்பாடாகக் கருதுவதில்லை. அது அவளுடைய உரிமை, அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

பெண்களின் கைமாற்றுகளும் இதே தடத்தில் ஓடின. சம்பளத்துக்கு முன் அரிசி தீர்ந்தால் இரண்டு படி வாங்குவது, குலுக்கல் சீட்டில் தங்கை பெயரில் ஒரு பங்கு போடுவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அருகிலிருக்கும் சின்னம்மா வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது. 1990-களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பரவியபோது வங்கிக் கணக்கும் பதிவேடும்தான் அவர்களுக்குப் புதியவை.

கடலுக்கு அப்பால் இருந்தவர்களோடு பேச்சு அறுபடாமல் காத்தவை இரண்டு. ஒன்று, வான்கடிதம். எழுதத் தெரியாத பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார்கள். விசாரிப்புப் பட்டியலே பாதிக் கடிதத்தை நிரப்பிவிடும். மற்றது இலங்கை வானொலி. அதன் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் ஒரு குழந்தைக்காக அம்மா, அப்பா, மாமா, மாமி, சித்தி, சித்தப்பா என்று உறவுகளை வரிசையாக வாசிப்பார்கள். நீலகிரி லயங்களில் அது கேட்கும். யாரோ ஒருவர் வீட்டுப் பட்டியல்தான் என்றாலும், உறவுகளை இழந்து வந்த ஒரு கூட்டம் அதைக் காது கொடுத்துக் கேட்டதில் வியப்பில்லை.

1977 வன்முறையும் 1983 கலவரமும் இன்னும் பலரைத் துரத்தின. மலையகத்தை விட்டுச் சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். 1984-இல் கப்பல் நின்றது. ஒப்பந்தக் கணக்கும் முடியாமலே முடிந்தது. அங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்கு 1988 சட்டமும் 2003 சட்டமும் குடியுரிமை கொடுத்தன. சகோதரிகள் அதன்பின் உறுதியாக வெவ்வேறு கடவுச்சீட்டுக்காரர்கள். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொழும்புக்கு விமானம் உண்டு. தோட்டக் கூலியில் அந்தப் பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் காலம் வந்தபோது அந்தத் தலைமுறைச் சகோதரிகளில் பலர் உயிரோடில்லை.

மூன்றாம் தலைமுறை கொழுந்தைவிட்டு விலகுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் போனவர்களும், முதலில் போன அக்காவின் வாடகை அறையிலேயே தங்குகிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் லயத்துக்குத் திரும்புவார்கள். ஆனால் அந்த லயமும் நிலையானதில்லை. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்ட விதி. நட்டத்தில் ஓடும் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நிலங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்டதை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தது. கோட்டங்கள் சுருங்கும்போது வீடுகளும் கைமாறும். யார் எங்கே போவது என்ற பேச்சு மறுபடியும் லயத்து வாசலில் நடக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கணக்கு மட்டும் மறக்கப்படவில்லை. அண்ணன் தங்கை வழியில் உறவு திருமணத்தில் புதுப்பிக்கப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் தேய்ந்துவிடும். அக்கா தங்கை வழி அப்படித் தேய்வதில்லை. இரு சகோதரிகளின் மகள்கள் சகோதரிகள். அந்த மகள்களின் பிள்ளைகளும் உடன்பிறந்தார். நெல்லியாளத்தில் வரன் பார்க்கும்போது கிழவிகளிடம் முதலில் கேட்பது இதைத்தான்: பெண்ணின் அம்மாயி இலங்கையில் எந்தத் தோட்டம், யார் யார் கூடப் பிறந்தவர்கள். பதிலில் ஒரு தங்கையின் பெயர் இரு பக்கமும் பொருந்தினால் பேச்சு அங்கேயே நிற்கும். அதுவரை சந்தித்திராத இரண்டு வீட்டார் காப்பி குடித்துவிட்டு, அண்ணன் தங்கை முறையில் விடைபெறுவார்கள்.