பேசும் புத்தகமும் கேட்பவரின் காதும்

ஒலிப்புத்தகம் என்றதும் பலருக்குப் பேருந்துப் பயணமும் காதுக்கருவியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பொழுதுபோக்குக்காகப் பிறந்தது அல்ல. 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசன், அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டார். பார்வையற்றோருக்காகப் பேசும் புத்தகமும் அதில் ஒன்று. நினைத்தது நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! அன்றைய உருளைகளில் சில நிமிடப் பேச்சுதான் அடங்கும். ஒரு நாவலைப் பதிந்தால் வண்டி கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

முதல் உலகப்போர் நிலைமையை மாற்றியது. கண்ணிழந்து திரும்பிய வீரர்களில் பலருக்கு வளர்ந்த வயதில் பிரெய்லி கைவரவில்லை. பிரிட்டனில் பேசும் புத்தகத்துக்காகப் பாடுபட்ட இயன் ஃபிரேசரும் 1916இல் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்தவர்தான். மெதுவாகச் சுழலும் இசைத்தட்டுகள் வந்தபின் அமெரிக்காவில் 1934லும் பிரிட்டனில் 1935லும் பேசும் புத்தகங்கள் வெளிவந்தன. ஷேக்ஸ்பியரும் வந்தார், அகதா கிறிஸ்டியும் வந்தார். (கண் தெரியாதவர் என்றால் பக்தி நூல் மட்டும்தான் கேட்பார் என்று யார் சொன்னது?)

இதற்கு எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானோர் வேலையின்றித் தவிக்கும்போது இது ஆடம்பரம் என்றார் ஹெலன் கெல்லர். அவருக்குக் காதும் கேளாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறகு அவரே மனம் மாறி, இதற்காக அரசிடம் ஆதரவு கேட்டார்.

கருவி கிடைத்ததும் அடுத்த சண்டை குரலைப் பற்றியது. புத்தகத்தை நடித்துப் படிப்பதா, இல்லை வெறுமனே படிப்பதா? பதிவு செய்தவர்களில் பலர் மேடை நடிகர்கள். அழும் இடத்தில் அழுது, வில்லனுக்குக் கரகரப்பான குரல் கொடுக்க அவர்களுக்கு ஆசை வராதா என்ன! ஆனால் கேட்பவர்களில் பலர் அதை விரும்பவில்லை. இவன் கெட்டவன் என்று படிப்பவரே குரலால் முடிவுசெய்துவிட்டால், கேட்பவருக்கு யோசிக்க என்ன மிச்சம்? கண்ணால் படிப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே சுதந்திரத்தைத்தான் அவர்களும் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான்.

அலெக்சாண்டர் ஸ்கோர்பி புகழ்பெற்றதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. அவரும் நடிகர்தான், ஆழ்ந்த குரல் உடையவர். ஆனாலும் வாக்கியத்தின் பொருள் தெளிவாக விழும்படி நிதானமாகப் படிப்பார். 1937இல் தொடங்கி 1985இல் இறப்பதற்குள் பார்வையற்றோருக்காக 400க்கும் மேற்பட்ட நூல்களைப் பதிந்தார்.

பார்வையுள்ளோரின் சந்தையில் ஒலிநாடா வந்தபோது வேறு கதை. நீளமான நாவல்களைச் சுருக்கி இரண்டு மூன்று நாடாக்களில் அடைத்து விற்றார்கள். பிறகு பல குரல் நடிப்புக்கு மவுசு கூடியது. ஹாரி பாட்டர் கதைகளை அமெரிக்கப் பதிப்பில் ஜிம் டேலும் பிரிட்டன் பதிப்பில் ஸ்டீபன் ஃபிரையும் படித்தார்கள். எது உசத்தி என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பார்வையற்றோர் பலர் கணினியின் உணர்ச்சியற்ற குரலை, பழகாதவருக்கு ஒரு சொல்லும் புரியாத வேகத்தில் ஓடவிட்டுப் புத்தகம் படிக்கிறார்கள். அந்தக் குரல் நடிப்பதில்லை, வில்லன் யார் என்று முன்கூட்டியே சொல்வதும் இல்லை.